கூட்டாளியைக் கெடுத்தது கைப்பேசியா?

தேசிய சேவையை முடித்துப் பல வருஷமான அப்பாக்கள் நாலு பேர் காப்பிக்கடை மேசையில் கூடினால், காப்பி ஆறுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். “எங்க காலத்துல பங்க்னா அது பங்க். மலாய்ப் பையன், சீனப் பையன், நம்ம பையன் எல்லாம் தரையில உட்கார்ந்து பூட்ஸுக்கு கிவி தேய்ச்சுக்கிட்டே கதை பேசுவோம். இப்போ பாரு, ஆளுக்கொரு கைப்பேசி. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவன் பேருகூடத் தெரியாது.” மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு அவரவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

முதலில் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டில்காரனின் பெயர் அவன் சட்டையிலேயே இருக்கிறது. காலையில் எண்ணிக்கை எடுக்கும்போது ஒருமுறை, சாப்பாட்டுக்கு அணிவகுக்கும்போது ஒருமுறை, யாரோ தாமதித்ததற்காகப் பிரிவு முழுவதும் தண்டால் எடுக்கும்போது பலமுறை அந்தப் பெயர் காதில் விழுகிறது. பெயர் தெரியாமல் தப்பிக்கவே முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது பயிற்சி முகாம்தான். ஆக, குற்றச்சாட்டின் முதல் சாட்சியே பொய்ச்சாட்சி.

ஆனால் இந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஷெர்ரி டர்க்கிள் 2011-ல் ‘அலோன் டுகெதர்’ என்ற புத்தகத்தை எழுதியதிலிருந்து, ‘கூடியிருந்தும் தனித்திருக்கிறோம்’ என்ற வாதம் கருத்தரங்கு மேடைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. அதே 2011-ல்தான் சிங்கப்பூரில் ஒரு படம் சுற்றியது. சீருடையில் ஒரு பையன் முன்னே நடக்க, அவன் ராணுவப் பையை வீட்டுப் பணிப்பெண் சுமந்துகொண்டு பின்னால் வருகிறார். அந்த ஒரு பையை வைத்து ஒரு தலைமுறைக்கே தீர்ப்பு எழுதினோம். அடுத்த வருஷம் இயக்குநர் ஜாக் நியோவின் ‘ஆ பாய்ஸ் டு மென்’ படம் வந்தது. செல்லம் கொடுத்து வளர்த்த பையன் அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் போய் ஆளாகிறான் என்ற கதை, பெரியவர்களின் மனதில் இருந்ததற்குத் திரைவடிவம் கொடுத்தது. பையன்கள் மென்மையாகிவிட்டார்கள், அதற்குக் காரணம் கையில் இருக்கும் கருவி என்ற முடிவு அன்றிலிருந்து யாரும் விசாரிக்காமலேயே நிலைத்துவிட்டது.

அதைத்தான் நான் மறுக்கிறேன்.

நானும் கைப்பேசி இல்லாத காலத்து ஆள்தான், இரண்டரை வருஷக்காரன். அந்தப் பங்க்கில், அதாவது நாங்கள் சேர்ந்து தங்கிய அறையில், தோழமை இருந்தது, உண்மை. அது எல்லாருக்கும் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. 1967-ல் கட்டாயச் சேவை தொடங்கியபோது ஹொக்கியன் மட்டுமே தெரிந்த பையன்களைத் தனிப் பிளட்டூனாகவே வைக்க வேண்டியிருந்தது. பிறகு கலந்தார்கள். கலந்த பின்னும் இரவு நேரத்தில் மொழி தன் வேலையைக் காட்டும். பங்க்கில் சீனப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஓரத்துக் கட்டிலில் தனியாக ஒரு தமிழ்ப் பையன், பேச்சுப் புரியாமல், சிரிப்பு வரும்போது கூடச் சிரித்துவைப்பான். அடுத்த பிளட்டூனில் இன்னொரு தமிழன் இருந்தால் சமையற்கூட வரிசையில் இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். எங்கள் பங்க்கில் ஒருவன் இருந்தான், யாரிடமும் பேசமாட்டான், விளக்கு அணைவதற்கு முன்பே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவான். அவனிடம் கைப்பேசி இல்லை. எங்கள் யாரிடமும் இல்லை. அவனைத் தனிமையாக்கியது நாங்கள்தான்.

இதைக் காப்பிக்கடையில் யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் பழைய பங்க்கைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அங்கே நன்றாக இருந்தவர்கள். சுவரைப் பார்த்துப் படுத்தவன் அந்த மேசைக்கு வருவதில்லை. பழைய கூட்டாளிகள் கூடும் விருந்துக்கும் வருவதில்லை. நினைவு என்பது சுகமாக இருந்தவர்கள் எழுதிய வரலாறு.

தொலைபேசிக்கு வரிசையில் நின்றதையும் மறந்துவிடுகிறார்கள். பொதுத் தொலைபேசிகள் சில, நிற்பவர்களோ பல. கையில் தொலைபேசி அட்டையோ காசோ வைத்துக்கொண்டு கொசுக்கடியில் காத்திருப்போம். பின்னால் இருப்பவன் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று முதுகைத் தட்டுவான். அம்மாவிடம் ‘சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்’ என்று இரண்டே பொய்களைச் சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதான். பேஜர் வந்த பிறகு நிலைமை மோசமானது. யார் கூப்பிட்டார்கள் என்று எண் காட்டும். திருப்பிப் பேச மறுபடியும் அதே வரிசை. அந்த வரிசையில்தான் தோழமை வளர்ந்தது என்று யாராவது சொன்னால், அவர் அந்த வரிசையில் நின்றதே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கருவி இல்லாத பங்க் பாதுகாப்பான இடமாகவாவது இருந்ததா? இந்தக் கேள்விக்குத் தென்கொரியாவைவிடத் தெளிவான விடை எங்கும் இல்லை. அங்கேயும் கட்டாயச் சேவைதான். 2014-ல் சாதாரணச் சிப்பாய் முகாமுக்குள் கைப்பேசி வைத்திருக்க முடியாது. அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு இளம் சிப்பாயை மூத்த சிப்பாய்கள் வாரக்கணக்கில் அடித்து வதைத்ததில் அவர் இறந்தார். வதைத்தவர்கள் வெளியாட்கள் அல்ல, கூடவே தங்கி, கூடவே சாப்பிட்டவர்கள். நடந்ததன் முழு விவரம் நாட்டுக்குத் தெரிய ஜூலை கடைசி ஆயிற்று, அதையும் ஒரு மனித உரிமை அமைப்புதான் வெளிக்கொண்டுவந்தது. ஆகஸ்டில் தரைப்படைத் தளபதி பதவி விலகினார். இடையே ஜூன் மாதம், வடகொரிய எல்லைக் காவல் முகாம் ஒன்றில், தன்னை ஒதுக்கிவைத்தார்கள் என்று குமைந்துகொண்டிருந்த ஒரு சார்ஜன்ட் சக வீரர்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். திரை எதுவும் இல்லை, முகத்துக்கு முகம் பார்த்து வாழ்ந்த கூட்டம்தான் இது.

அதன் பிறகு கொரியர்கள் செய்ததைக் கவனியுங்கள். பல வருஷ விவாதத்துக்குப் பிறகு 2018-ல் சில முகாம்களில் கைப்பேசியைச் சோதனையாக அனுமதித்தார்கள். 2019 ஏப்ரலில் எல்லா முகாம்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். 2020 ஜூலையில் அதை நிரந்தர விதியாக்கினார்கள். வேலை நாளில் மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை. கேமராவைச் செயலி பூட்டிவைக்க வேண்டும் என்பது விதி. எதிர்த்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள், சொன்னதும் நம் காப்பிக்கடை வாதமேதான். படை இடிந்து விழவில்லை. 2021 ஏப்ரலில், விடுப்பிலிருந்து திரும்பி கொரோனாவுக்காகத் தனிமைப்படுத்தப்பட்டிருந்த சிப்பாய்கள், தங்களுக்குக் கொடுத்த பரிதாபமான சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து முகநூலுக்கு அனுப்பினார்கள். நாடே பார்த்தது. தற்காப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 2014-ல் ஒரு மரணத்தின் உண்மை வெளியே வர மாதக்கணக்கில் ஆயிற்று. 2021-ல் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கைப்பேசி மேல் பெரியவர்களுக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு, உள்ளே நடப்பது இப்படி வெளியே தெரிந்துவிடுவதிலிருந்துதான் வருகிறது என்பது என் சந்தேகம். ‘எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் சொல்லிவிடுகிறான்’ என்பார்கள். சொல்லட்டுமே! சொல்லக்கூடாத என்ன காரியம் அங்கே நடக்கிறது?

இனி, பையன்கள் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம். வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு எல்லாரும் குனிந்திருப்பது மட்டும்தான் தெரியும். உள்ளே போய் உட்கார வேண்டும். இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் ஐந்து பேர் முதுகோடு முதுகு சாய்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு நீட்டிப்பு வயர், அதில் தேன்கூடு மாதிரி சார்ஜர்கள். ஐந்து பேரும் ஒரே ஆட்டத்தில் இருக்கிறார்கள், ‘மொபைல் லெஜெண்ட்ஸ்’. அதை ஐவர் அணியாகத்தான் ஆட வேண்டும். ஒருவன் ஆங்கிலத்தில் கத்துகிறான், ஒருவன் மலாயில் திட்டுகிறான், மூன்றாமவன் ‘டேய் பின்னாடி வா’ என்று தமிழில் அலறுகிறான், சீனப் பையனுக்கு அது புரிந்து பின்னால் வருகிறான். யார் அவசரக்காரன், யார் மாட்டிக்கொண்டவனை விட்டுவிட்டு ஓடுகிறவன், யார் திரும்பிவந்து காப்பாற்றுகிறவன் என்று ஒரே இரவில் தெரிந்துவிடும். இது புதிதும் இல்லை. திறன்பேசிக்கு முந்தின பிஎஸ்பி காலத்தில் ‘மான்ஸ்டர் ஹன்டர்’ சேர்ந்து ஆட நாலு பேர் நாலு கருவியோடு ஒரே இடத்தில் கூடினால்தான் உண்டு. கையடக்கக் கருவி ஆட்களைப் பிரிக்கும் என்கிறவர்கள், அந்த ஆட்டம் ஆளைத் தேடவைத்ததைப் பார்த்ததில்லை.

சார்ஜர் மாட்டும் இடத்துக்கு நடக்கும் பேரத்தையே தனியாக எழுதலாம். பிளக் புள்ளிகள் குறைவு, கட்டில்கள் அதிகம். காவல் பணிக்குப் போகிறவன் தன் இடத்தை இன்னொருவனுக்கு விட்டுப்போவான், திரும்பும்போது அவன் கைப்பேசி முழுசாக ஏறியிருக்க வேண்டும். அன்று பூட்ஸ் பாலிஷைக் கடன் கொடுத்து வாங்கிய அதே உறவுதான், பண்டம் மாறியிருக்கிறது.

அந்த ஐவர் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, படிக்கட்டில் ஒரு பையன். முதல் இரண்டு வாரம் வீட்டுக்குப் போக முடியாது. இரவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் பாட்டியோடு காணொளியில் பேசுகிறான். பாட்டி கைப்பேசியை நெற்றிக்கு நேராகப் பிடித்திருப்பதால் அவனுக்குத் தெரிவது விபூதிப் பட்டை மட்டும். ‘தலைய இப்படி மொட்டையா வழிச்சிருக்காங்களே ராசா’ என்று பாட்டி புலம்ப, பக்கத்தில் வந்து உட்கார்ந்த சீனப் பையன் தன் மொட்டைத் தலையையும் காட்டி ‘வணக்கம் பாட்டி’ என்கிறான். அந்த வணக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. கூட்டாளியின் பாட்டி எப்படி இருப்பார் என்பது பழைய பங்க்கில் எங்களுக்கு இரண்டரை வருஷத்திலும் தெரிந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வந்த பிறகுதான் ஒருவன் வீட்டை இன்னொருவன் பார்த்தான்.

‘வீட்டோடு கயிறு அறுந்தால்தான் வீரன் ஆவான்’ என்ற வாதம் ஒன்றும் உண்டு. இதைச் சொல்கிறவர்கள் ராணுவங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம். முதல் உலகப் போரில், 1916-லிருந்து கட்டாய ஆள்சேர்ப்பு நடத்திய பிரிட்டன், உச்சக்கட்டத்தில் வாரத்துக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் கடிதங்களைப் போர்முனைகளுக்கு அனுப்பிவைத்தது. குண்டும் ரொட்டியும் போகிற வண்டியில் கடிதத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள், இரக்கத்தால் இல்லை. வீட்டுச் சேதி வராத சிப்பாய் சண்டை போடமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் தெக்கோங்கிலேயே காட்டுப் பயிற்சியின்போது பெற்றோர் எழுதிய கடிதங்களைப் பையன்களிடம் கொடுக்கிறார்களே, அது எதற்காக? மண்ணும் வியர்வையுமாக உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் அதைப் படித்துக் கலங்காத பையன் குறைவு. அந்தக் கடிதம் அவனைப் பலவீனமாக்குகிறது என்று எந்தச் சார்ஜன்ட்டும் சொல்லக் காணோம். காகிதத்தில் வந்தால் மனவலிமை, வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லமா?

தோழமையை உண்மையில் அறுப்பது எது என்பதும் ரகசியம் இல்லை. அடிப்படைப் பயிற்சி பெரும்பாலோருக்கு ஒன்பது வாரம். ஒன்றாக உருண்டு, ஒன்றாகத் தண்டனை வாங்கி, 24 கிலோமீட்டர் நடந்து, தொப்பியைத் தூக்கியெறிந்த மறுநாளே கூட்டம் கலைகிறது. ஒருவன் காலாட்படைக்கு, ஒருவன் சமிக்ஞைப் பிரிவுக்கு, ஒருவன் சேமிப்புக் கிடங்குக்கு. சிலருக்கு முகாமிலேயே தங்கும் பணி. சிலருக்கு அலுவலக வேலை மாதிரி மாலையில் வீட்டுக்குப் போகிற பணி. தங்குகிறவர்களிடையே நட்பு இறுகுவதும், மாலையில் பேருந்து ஏறுகிறவர்களிடையே அது மேலோட்டமாக நிற்பதும் சேவை செய்த எவருக்கும் தெரியும். இரண்டு கூட்டத்தார் கையிலும் ஒரே கைப்பேசிதான். வித்தியாசம், சேர்ந்து கழித்த இரவுகளில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் சிப்பாய்களை ஆராய்ந்த ஷில்ஸும் ஜனோவிட்ஸும் 1948-ல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: கொள்கையைவிட, கூடவே இருக்கும் சிறு கூட்டம்தான் ஒருவனை நிற்கவைக்கிறது. கூட்டத்தைக் கலைத்தால் பிடிப்பு போய்விடும். நாம் கூட்டத்தை நிர்வாக வசதிக்காகக் கலைத்துவிட்டுப் பழியைக் கருவியின் மேல் போடுகிறோம்.

கலைந்தவர்களை இன்று ஒட்டிவைத்திருப்பதும் அந்தக் கருவிதான். இரண்டு வருஷம் முடிந்தாலும் கடமை முடிவதில்லை. பத்து வருஷச் சுற்றுக்குப் போர்க்காலப் படைவீரனாக, ஆண்டுக்கு 40 நாள் வரை முகாமுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் காலத்தில் வருஷம் ஒருமுறை சந்திக்கும்போது ‘உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?’ என்பதிலிருந்து தொடங்குவோம். முகவரி எழுதிய துண்டுச்சீட்டு சலவையில் போய்விட்டிருக்கும். இன்றைய பிரிவுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பாதி நாள் அசட்டு நகைச்சுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவனுக்கு வேலை போனால், ஒருவன் அப்பா மருத்துவமனையில் இருந்தால், அன்று மாலைக்குள் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் கனமானது: பாதுகாப்பு. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய பாதைகளை வைத்தே ராணுவ முகாம்களின் வடிவம் தெரிந்துபோனது. ஆகவே கேமராவைப் பூட்டுங்கள், தடை வட்டாரங்களுக்குள் கருவியே வேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கேமரா இல்லாத கைப்பேசிகளைத் தேசிய சேவையாளர்களுக்கென்றே கடையில் விற்ற ஊர் இது. நமக்கு அது புதிதில்லை. ஆனால் பாதுகாப்பு வாதத்தைப் பாதுகாப்போடு நிறுத்துங்கள். அதைப் பிடித்துக்கொண்டு ‘பையன்களுக்கு உறவாடத் தெரியவில்லை’ என்ற தீர்ப்புக்குத் தாவாதீர்கள்.

பழியைக் கருவி மேல் போடுவது எவ்வளவு வசதியானது என்பதை ரஷ்யா காட்டியது. 2023 புத்தாண்டு பிறந்த நிமிடங்களில், ரஷ்யா பிடித்திருந்த மக்கியிவ்காவில் ரஷ்யச் சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடத்தை உக்ரேன் ராக்கெட்டால் தாக்கியது. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது, அவர்களில் பலர் சில மாதம் முன்புதான் கட்டாயமாகத் திரட்டப்பட்டவர்கள். தடையை மீறிக் கைப்பேசி பயன்படுத்தியதே முதன்மைக் காரணம் என்றது அமைச்சு. இத்தனை பேரை ஒரே கட்டடத்தில், வெடிமருந்துக்குப் பக்கத்தில் தங்கவைத்தது யார் என்று ரஷ்யப் போர் எழுத்தாளர்களே திருப்பிக் கேட்டார்கள். அங்கே 2019 மார்ச்சிலேயே பணியிலிருக்கும் வீரர்களுக்குத் திறன்பேசி கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் சைபீரியாவின் முகாம் ஒன்றில், கொடுமை தாங்கவில்லை என்று சொன்ன கட்டாயச் சேவைப் பையன் ஒருவன் தன் படையினர் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். தடைச் சட்டம் அந்த முகாமுக்குள் அன்பைக் கொண்டுவந்துவிடவில்லை.

தூக்கம் கெடுகிறது என்கிறீர்களா? பயிற்சி வீரர்களுக்கு ஏழு மணி நேர ஓய்வு விதியாகவே இருக்கிறது, அதை அமல்படுத்துங்கள். இணையச் சூதாட்டம்? கொரியாவில் அது உண்மையான தொல்லை, அங்கே தண்டிக்கிறார்கள். சூதாடியவனைத் தண்டிப்பதும் அம்மாவோடு பேசியவனைச் சந்தேகிப்பதும் ஒன்றாகாது.

முகாம்களில் பொறுப்பில் இருக்கும் இளம் சார்ஜன்ட்டுகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்வேன். ஒருவன் செய்த தப்புக்குப் பிளட்டூன் முழுவதன் கைப்பேசிகளையும் பிடுங்கி அலமாரியில் பூட்டும் பழக்கத்தை விடுங்கள். ஓடவிடுங்கள், தண்டால் எடுக்கவையுங்கள், தரையைக் கழுவவையுங்கள். வீட்டோடு பேசும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். காப்பிக்கடை அப்பாக்களே, உங்களுக்கும் ஒன்று: இன்றிரவு மகன் கூப்பிடும்போது உங்கள் காலத்துப் பெருமையைப் பேசாமல், பக்கத்துக் கட்டில்காரன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். அவனுக்குப் பெயர் தெரியும். ஊரும் வீடும்கூடத் தெரிந்திருக்கும்.